மதகு ஜலத்தின் வேகத்தை அடக்கும் முறை

ஜலமே பயிருக்கு உயிர் என்பதைக் குடியானவர்களுக்குச் சொல்ல வேண்டுவதில்லை. ஆயினும், தேங்கிய ஜலம் மதகின் வழியே வெளிப்படும்போது தன் வேகத்தால் மதகையும் கரையையும் அரித்துவிட வல்லது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அவ்வேகம் உண்டாகும் விதத்தையும் அதனை அடக்கும் முறையையும் மதுரைப் பிரதேசத்து நிலச்சுவான்தார்களும் கிராம அதிகாரிகளும் அறிந்திருத்தல் அவசியம்.

வேகத்தின் அளவு: மதகுக்கு மேல் 10 அடி ஜலம் நின்றால், அது விநாடிக்குச் சுமார் 25 அடி வேகத்தில் வெளிப்படும். 40 அடி நின்றால் வேகம் இரட்டிக்கும். ஆண்டிபட்டிக்கு அருகே 1959-ல் திறக்கப்பட்ட வைகை அணையில் 71 அடி வரை ஜலம் தேக்கப்படுகிறது. அவ்வளவு உயரம் வீழும் ஜலத்தின் வேகம், உராய்வை நீக்கிக் கணக்கிட்டால், விநாடிக்குச் சுமார் 67 அடியாகும். சாதாரண மண் வாய்க்காலோ 2 அல்லது 3 அடி வேகத்தையே தாங்கும். எஞ்சிய வேகத்தைச் செலவிட நாம் இடம் வகுக்காவிடில், ஜலம் தானே பள்ளம் தோண்டிக்கொள்ளும்.

அடக்கும் முறை: மதகின் வெளிப்புறத்தில் கல் அல்லது கான்கிரீட் தளமிட்டு, அதில் தடுப்புக் கற்களை நாட்டுவர். விரைந்து வரும் ஜலம் அங்கு நிற்கும் ஆழமான ஜலத்தில் மோதி, மேலெழும்பிச் சுழன்று, நுரைத்து, வேகம் தணிந்து செல்லும். இதற்கு நீர்த்தாவல் என்று பெயர். பெரிய அணைகள் சிலவற்றில் கூம்பு வடிவ வால்வுகள் ஜலத்தைக் குடைபோல் விரித்துக் காற்றில் சிதறச்செய்து, அதன் வலிமையைக் குறைக்கின்றன.

கணிப்பொறியின் உதவி: இவ்வமைப்புகளைக் கட்டுமுன் சிறு மாதிரி செய்து சோதிப்பது நெடுநாளைய வழக்கம். 1916-ல் தொடங்கிய புனே ஆராய்ச்சி நிலையமும், நம் மாநிலத்துப் பூண்டி நிலையமும் இவ்வேலையில் பெயர் பெற்றவை. 25-ல் ஒரு பங்கு அளவுள்ள மாதிரியில் ஜலத்தின் வேகம் 5-ல் ஒரு பங்காயிருக்கும். இக்காலத்தில் கணிப்பொறியும் இதற்குப் பயன்படுகிறது. ஜலம் செல்லும் வழியைப் பல லட்சம் சிறு அறைகளாகப் பிரித்து, ஒவ்வோர் அறையிலும் புகும் ஜலம், வெளியேறும் ஜலம், அழுத்தம், வேகம் ஆகியவற்றை அது கணிக்கிறது. அழுத்தம் மிகக் குறையும் இடத்தில் ஆவிக்குமிழிகள் தோன்றி, பின் உடைந்து, இரும்பையும் கான்கிரீட்டையும் பொத்தலாக்கும். 1983-ல் அமெரிக்காவின் கிளென் கான்யன் அணையில் வெள்ளம் வடியும் சுரங்கங்கள் இவ்வாறே பெருஞ்சேதமடைந்தன. இத்தகைய இடங்களைக் கணிப்பொறி முன்கூட்டியே காட்டும். எனினும் அதன் கணக்கை மாதிரியுடனோ நேரில் அளந்த அளவுகளுடனோ ஒப்பிட்ட பின்னரே நம்புதல் முறை.

கிராமத்தார் கவனிக்க வேண்டியவை: தளத்தின் கீழ்ப்புறத்தில் போதிய ஆழத்துக்கு ஜலம் நின்றால்தான் நீர்த்தாவல் தளத்தின்மேல் நிலைக்கும். அவ்வாழம் குறைந்தால் வேகம் தளத்தைக் கடந்து மண்ணைத் தாக்கும். இது பேரணைக்கும் பொருந்தும். ஊர்க் கண்மாயின் மடைக்கும் பொருந்தும். ஆகையால்,

1. மடைக்கு அடுத்த வாய்க்காலில் மணலோ மண்ணோ ஆழமாகத் தோண்டலாகாது. தோண்டினால் அங்கு நிற்கும் ஜலம் தாழும். அரிப்பு பின்னோக்கி ஏறி மதகின் அஸ்திவாரத்தை அடையும்.

2. வாய்க்கால் காய்ந்திருக்கையில் கதவை ஒரேயடியாகத் தூக்காமல் சிறிது சிறிதாகத் திறக்கவேண்டும்.

3. தடுப்புக் கற்கள் ஜலத்தைக் குறைக்கின்றன என்றெண்ணி அவற்றைப் பெயர்க்கலாகாது. ஜலத்தின் அளவைத் தீர்மானிப்பவை கண்மாயின் நீர்மட்டமும் கதவின் திறப்புமேயன்றி அக்கற்களல்ல.

4. கோடையில் கண்மாய் வற்றியதும் தளத்தைப் பார்வையிட்டு, வெடிப்பையும் பள்ளத்தையும் உரிய அதிகாரிகளுக்கு எழுத்துமூலம் தெரிவிக்கவேண்டும். கோடையில் ஒரு வண்டிக் கல்லால் அடையும் பள்ளம், மழைக்காலத்தில் கரையையே கொண்டுபோகக்கூடும். கரை உடைந்தால் அவ்வருஷத்து ஜலம் முழுவதும் வீணாவதோடு, கீழேயுள்ள நஞ்சையும் மணல்மேடாகும்.