குன்றின் மேல் ஒரு கோபுரம்

ஸ்காட்லாந்து நாட்டில் ஸ்டெர்லிங் என்னும் பழமையான நகரம் உள்ளது. அதன் அருகே ஆபி கிரெய்க் என்னும் பாறைக்குன்று உயர்ந்து நிற்கிறது. அக்குன்றின் உச்சியில் 67 மீட்டர் உயரமுடைய கற்கோபுரம் ஒன்று உள்ளது. அதன் மேற்பகுதி மணிமுடி போன்ற வடிவுடையது. ஆயினும், அது மன்னர் எவருக்கும் எழுப்பப்பட்டதன்று. வில்லியம் வாலஸ் என்னும் வீரரின் நினைவாக எழுப்பப்பட்டது.

1296ஆம் ஆண்டில் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டு ஸ்காட்லாந்தின் மீது படையெடுத்தார். அந்நாட்டின் மன்னர் அரியணையை இழந்தார். அயலார் ஆட்சியை எதிர்த்து மக்கள் கிளர்ந்தெழுந்தனர். தெற்கே வாலஸும் வடக்கே ஆண்ட்ரூ மோரேயும் தலைமை ஏற்றனர். பின்னர் இருவரும் தம் படைகளை ஒன்று சேர்த்தனர்.

1297 செப்டம்பர் 11 அன்று ஸ்டெர்லிங்கில் போர் மூண்டது. ஃபோர்த் ஆற்றின் தென்கரையில் ஆங்கிலேயரின் பெரும்படை நின்றது. ஆற்றைக் கடக்க அங்கு இருந்தது ஒரு குறுகிய மரப்பாலமே. ஸ்காட்லாந்து வீரர்கள் வடகரையில் பொறுமையுடன் காத்திருந்தனர். எதிரிப் படையில் ஒரு பகுதி பாலத்தைக் கடந்ததும் விரைந்து பாய்ந்து பாலத்தின் முனையைக் கைப்பற்றினர். கடந்து வந்தவர்களால் திரும்ப இயலவில்லை. மறுகரையில் இருந்தவர்களால் உதவிக்கு வர இயலவில்லை. சிறிய படை வென்றது. ஆனால், போரில் காயமுற்ற மோரே பின்னர் உயிர் நீத்தார்.

அடுத்த ஆண்டு ஃபால்கிர்க் என்னுமிடத்தில் வாலஸ் தோல்வியுற்றார். 1305இல் அவர் பிடிபட்டார். இலண்டனில் அவர்மீது துரோகக் குற்றம் சாட்டப்பட்டது. தாம் எட்வர்டு மன்னருக்குப் பணிவதாக ஒருபோதும் உறுதி அளிக்காததால், துரோகி ஆக முடியாது என்று அவர் மறுத்தார். எனினும், ஆகஸ்டு 23 அன்று அவர் கொல்லப்பட்டார். அவருக்கெனக் கல்லறை இல்லை.

ஏறத்தாழ ஐந்தரை நூற்றாண்டுகளுக்குப் பின், பொதுமக்கள் அளித்த நன்கொடையால் நினைவுச்சின்னம் எழுந்தது. ரோச்செட் என்னும் கட்டடக் கலைஞர் அதனை வடிவமைத்தார். 1861இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1869இல் பணி நிறைவுற்றது. 246 சுழற்படிகள் ஏறினால் உச்சியை அடையலாம். அங்கிருந்து, வளைந்தோடும் ஃபோர்த் ஆறும் பழைய போர்க்களமும் தெரியும். வாலஸுடையது எனப் போற்றப்படும் நீண்ட வாளும் கோபுரத்தினுள் உள்ளது.

கோபுரத்தில் 'வீரர் கூடம்' ஒன்றும் உண்டு. நாட்டிற்குப் பெருமை சேர்த்தோரின் மார்பளவுச் சிலைகள் அதில் உள்ளன. நெடுங்காலம் அவை அனைத்தும் ஆண்களின் சிலைகளாகவே இருந்தன. 2017இல் மக்கள் வாக்களித்து இரு பெண்மணிகளைத் தேர்ந்தெடுத்தனர். ஒருவர், ஆப்பிரிக்காவில் கைவிடப்பட்ட குழந்தைகளைக் காத்த மேரி ஸ்லெசர். மற்றவர், புற்றுநோயாளருக்கு ஆதரவு இல்லங்கள் அமைய வழிவகுத்த மேகி ஜெங்க்ஸ். வாளேந்தியோர் மட்டுமே வீரர் அல்லர் என்பதை இக்கூடம் இன்று உணர்த்துகிறது. யாரை நினைவில் வைப்பது என்பதை ஒவ்வொரு தலைமுறையும் புதிதாக எண்ணிப் பார்க்கிறது.

சொற்பொருள்
அரியணை – சிம்மாசனம்
அயலார் – வேற்று நாட்டார்
மூண்டது – தொடங்கியது
உயிர் நீத்தார் – இறந்தார்

பயிற்சி
அ. விடை எழுதுக.
1. குறுகிய பாலம் சிறிய படைக்கு எவ்வாறு துணை செய்தது?
2. தம்மீது சாட்டப்பட்ட குற்றத்தை வாலஸ் ஏன் மறுத்தார்?

ஆ. பிரித்து எழுதுக.
1. கற்கோபுரம்
2. மரப்பாலம்

இ. சிந்தித்து எழுதுக.
வெற்றியில் மோரேக்கும் பங்கு உண்டு. ஆயினும், கோபுரம் வாலஸின் பெயரையே தாங்கி நிற்கிறது. இது குறித்து உம் கருத்தை ஐந்து வரிகளில் எழுதுக.