துடுப்புப் பிடிக்க வருகிறவர்களுக்கு

கொடைக்கானல் ஏரிக்கரையில், படகுத்துறைக்கு எதிரே ஒரு பெஞ்சில் அமர்ந்து இரண்டு மணி நேரம் வேறெதையும் பார்க்காமல் துறையை மட்டுமே கவனித்துக்கொண்டிருந்தால் ஒரு விசித்திரம் புலப்படும். புறப்படுகிறவர்கள் அத்தனை பேரும் சிரித்துக்கொண்டும் கரையில் நிற்பவர்களுக்குக் கையசைத்துக்கொண்டும் புறப்படுகிறார்கள். அதே மனிதர்கள் திரும்பி வந்து துறையை நெருங்கும்போது முகம் வெளிறி, ஒருவர்மேல் ஒருவர் கூச்சலிட்டு, மேடைக் கட்டையில் மடாரென்று மோதி, அந்த அதிர்ச்சியில் எழுந்து நின்று, பின்பு உட்கார்ந்து, இறுதியில் யாராவது ஒரு படகோட்டி ஓடிவந்து இழுத்துப் பிடித்த பிறகுதான் மூச்சு விடுகிறார்கள். அங்கே பல வருஷம் துடுப்புப் பிடித்த ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார்: "போறதுக்கு என்னங்க சார், காத்தே தள்ளிக்கிட்டுப் போயிரும். கொண்டாந்து நிறுத்தணும், அதுலதான் இருக்கு." அவர் வார்த்தையை நம்பி, இந்தக் கட்டுரையில் பெரும்பகுதியை நிறுத்துவதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

பழகுவதற்கு அந்த ஏரியையே நான் சிபாரிசு செய்வதற்குக் காரணம் அதன் அழகு அன்று, அதன் வடிவம். 1863-ஆம் ஆண்டில், மதுரைக் கலெக்டராயிருந்த வியர் ஹென்றி லெவிஞ்சு என்பவர் ஓடைகளின் குறுக்கே கரை எழுப்பி நீரைத் தேக்கி உண்டாக்கிய செயற்கை ஏரி அது. முதல் படகுகளைத் தூத்துக்குடியிலிருந்து மலையேற்றிக் கொண்டுவந்தார்கள். ஏறக்குறைய 60 ஏக்கர் பரப்பு, பள்ளத்தாக்குகளின் போக்கில் நீர் ஏறி நின்றபடியால் நட்சத்திரம்போல் பல கிளைகளாக விரிந்து கிடக்கிறது. ஒரு கிளையில் காற்றே இராது. முனை திரும்பியதும் முகத்தில் அடிக்கும். அரைமணி நேரத்துக்குள் அமைதியான நீரையும் காற்றடிக்கும் நீரையும் மாற்றி மாற்றி அனுபவிக்க இதைவிடச் சௌகரியமான பள்ளிக்கூடம் கிடைப்பது அரிது. ஏப்ரல், மே மாதங்களில் போகாதீர்கள். கூட்டத்தில் துடுப்பை நீட்டவே இடமிராது. மற்ற மாதங்களில், விடுமுறையல்லாத நாளில், படகு இல்லம் திறந்தவுடன் முதல் ஆளாகப் போய், படகோட்டியோடு கூடிய துடுப்புப் படகை எடுத்துக்கொண்டு, நடு ஏரிக்குப் போனதும் அவரிடம் துடுப்பைக் கேட்டு வாங்குங்கள். பழகத்தான் வந்தோம் என்று முன்கூட்டியே சொல்லி, கட்டணம் போக அவர் கையில் தனியாக ஏதேனும் கொடுத்துவிட்டால் பாடமும் மனம்வைத்து நடக்கும். மிதிபடகில் ஏறாதீர்கள். அது நீரில் மிதக்கும் சைக்கிள். அதில் நூறு முறை சுற்றினாலும் ஒன்றும் கற்றுக்கொள்ள முடியாது.

நீச்சல் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தாலும் மிதவை அங்கி அவசியம். ஏனெனில் சுமார் 7,000 அடி உயரத்து ஏரியின் நீர், கிணற்றில் நீந்திப் பழகியவரையும் விழுந்த க்ஷணத்தில் திணறவைத்து, அவர் விரும்பாமலே ஒரு பெருமூச்சை இழுக்கச் செய்யும் குளிர்ச்சியுடையது. அந்த மூச்சோடு தண்ணீர் உள்ளே போவதுதான் அபாயம். அங்கியைப் பூட்டியபின், இரு கைகளையும் தூக்கி நின்று, தோள்பட்டைகளைப் பிடித்து மேலே இழுக்கும்படி பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள். அங்கி காதுவரை ஏறுமானால் அது உங்களுக்குப் பெரியது. வேறு கேளுங்கள், வெட்கப்படாதீர்கள். தப்பித் தவறிப் படகு கவிழ்ந்தால், கரை எவ்வளவு கிட்டத்தில் தெரிந்தாலும் அதை நோக்கி நீந்தாமல், படகையே பற்றிக்கொண்டு மூச்சு நிதானப்படும்வரை காத்திருக்க வேண்டும்.

செருப்பைக் கரையிலேயே விட்டு, படகின் நடுவில் கால் வைத்து, குனிந்தபடி ஏறி, உடனே உட்காருங்கள். அவ்வளவுதான். ஆனால் ஒன்று: படகில் இருப்பவர்கள் எல்லோரும் வேடிக்கை பார்க்க ஒரே பக்கம் சாய்வதை மட்டும் எக்காரணம்கொண்டும் அனுமதிக்கக் கூடாது. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில், மிருகங்களைப் பார்க்கப் பயணிகள் ஒரு பக்கமாகக் கூடியதும் கவிழ்ந்ததற்கு ஒரு காரணம் என்று சொல்லப்பட்ட அந்தப் படகு 45 உயிர்களைக் கொண்டுபோயிற்று. அது இரண்டடுக்குப் பெரிய படகு. உங்களுடையது நாலு பேர் உட்காரும் படகு.

இப்போது துடுப்பு. இந்த வகைப் படகில், போகும் திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, துடுப்பின் பிடியை மார்பை நோக்கி இழுக்கிறோம். ஆகவே 'துடுப்புப் போடுவது' என்று சொல்வதைவிட, 'வலிப்பது' என்ற பழைய சொல்லே இந்தக் காரியத்துக்குப் பொருத்தமானது. புதியவர்கள் செய்யும் தவறு இரண்டு. முதலாவது, கைகளால் மட்டும் இழுத்து, பத்தாவது நிமிஷத்தில் தோள் கழன்றது போலாகிவிடுவது. கால்களை எதிரேயுள்ள குறுக்குக் கட்டையில் ஊன்றி, முழங்கை மடியாமலே முதலில் முதுகைப் பின்னால் சாய்த்து, கடைசியில்தான் கையை மடக்க வேண்டும்; பாரத்தை இழுப்பவை காலும் முதுகும், கை வெறும் கயிறு. இரண்டாவது, பலமாக வலிப்பதாக நினைத்துக்கொண்டு துடுப்பை ஆழத்தில் செருகுவது. அலகு மட்டும் முழுகினால் போதும். அலகைச் சற்றே சாய்வாக ஆழத்தில் விட்டீர்களானால், ஏரி அதைப் பிடித்துக்கொண்டு விடாது. படகோ முன்னே போய்க்கொண்டிருக்கும். பிடி திரும்பிவந்து வயிற்றில் குத்தும். அப்படி நேரும்போது துடுப்போடு மல்லுக்கட்டாமல், மற்றத் துடுப்பையும் நிறுத்திவிட்டு, படகின் வேகம் தணிந்ததும் சாவதானமாக எடுத்துக்கொள்ளலாம்.

முதுகைக் காட்டிக்கொண்டு நேர்க்கோட்டில் போவது எப்படி என்று எல்லோரும் கேட்கிறார்கள். பார்வைக்குத் தெரிவது விட்டுவந்த கரைதானே? அதையே பயன்படுத்திக்கொள்ளுங்கள். கரையோரத்தில் ஒரு மரத்தையும் அதற்கு நேர் பின்னால் தொலைவில் ஒரு கூரை முகட்டையோ இன்னொரு மரத்தையோ தேர்ந்துகொண்டு, இரண்டும் ஒன்றையொன்று மறைத்து நிற்கும்படி வைத்துக்கொண்டே வலிக்க வேண்டும். கிட்டத்து மரம் உங்கள் இடப்பக்கமாக நழுவினால் நீங்கள் வலப்பக்கம் ஒதுங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். வலக்கைத் துடுப்பை இரண்டு தடவை அழுத்தி வலித்தால் படகு கோட்டுக்குத் திரும்பும். வலப்பக்கம் நழுவினால் இடக்கை. ஐந்து வலிப்புக்கு ஒருமுறை தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்ப்பது என் நியதி. மிதிபடகுக்காரர்கள் பேசிக்கொண்டே வந்து குறுக்கே நிற்பார்கள். நேருக்கு நேர் வரும் படகைக் கண்டால் இரண்டு பேரும் தத்தம் படகின் வலப்பக்கம் ஒதுங்க வேண்டும் என்பது 1972-இல் ஏற்பட்ட சர்வதேசக் கடல் விதிகள் சொல்லும் முறை. ஏரிக்கும் அதுவே நல்லது. ஆனால் நீங்கள் பின்புறம் திரும்பி உட்கார்ந்திருப்பதால் படகின் வலம் உங்களுக்கு இடக்கைப் பக்கம் என்பதை மறந்து, தமக்கு வலமாகத் திருப்பி நேரே கொண்டுபோய் மோதியவர்களும் உண்டு.

புறப்படுமுன் காற்றைப் பார்த்து, காற்றுக்கு எதிராக முதலில் போங்கள். களைத்துத் திரும்பும்போது அது உங்களைச் சுமந்து வரும். இதை மாற்றிச் செய்கிறவர்கள்தாம் தூரத்துக் கிளையில் மாட்டிக்கொண்டு உதவிக்குக் கை காட்டுகிறார்கள். மலையில் பிற்பகல் மூடுபனியும் மழையும் சொல்லாமல் வரும். தொலைவில் இடி கேட்டால், எதிரே தெரியும் கரையில், அது எந்தக் கரையானாலும், ஏறிவிடுங்கள்.

இனி, துறை சேர்வது. இதற்கு ஒத்திகை நடு ஏரியில் நடக்க வேண்டும். ஒரு சாண் மரக்கட்டையை நூலில் கட்டி நீரில் விட்டு, அதையே மேடையாகப் பாவித்து, ஐம்பது அடி தள்ளிப் போய்த் திரும்பி, அதன் பக்கத்தில் கைக்கெட்டும் தூரத்தில் படகை அசையாமல் நிறுத்திப் பாருங்கள். முதல் ஐந்து முறை கட்டையைத் தாண்டிப் போவீர்கள். அந்தச் சமயத்தில் விளங்கும் விஷயம் இதுதான்: நாலு பேரோடு சுமார் 400 கிலோ பாரமுள்ள படகு, நீங்கள் வலிப்பதை நிறுத்திய இடத்தில் நிற்பதில்லை, அதற்குத் தடை கிடையாது. எத்தனை தூரம் தானாக வழுக்கிப் போகிறது என்பதைக் கண்ணால் அளந்து மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். பத்து முறை கட்டையின் அருகில் சரியாக நின்றபிறகு, அதைப் பொறுக்கிக்கொண்டு துறைக்கு வரலாம்.

துறைக்கு ஐம்பது அடி முன்னால் ஒருமுறை முழுக்க நிறுத்திவிடுங்கள். பின்னால் வருகிறவர் அவசரப்படட்டும். எங்கே காலியிடம், காற்று எந்தப் பக்கம், கட்டிக் கிடக்கும் படகுகள் எந்தத் திசை நோக்கித் திரும்பியிருக்கின்றன என்று பாருங்கள். அந்தப் படகுகளைவிட நல்ல காற்றுமானி கிடையாது. இயன்றவரை காற்றுக்கு எதிர்முகமாக நெருங்குவது உத்தமம், ஏனென்றால் அப்போது காற்றே உங்கள் பிரேக்காக இருக்கும். மேடைக்கு இணையாக வராமல், கடற்கரையில் அணியம் என்று சொல்லும் படகின் முன்மூக்கு மேடையைச் சாய்வாக நோக்கும்படி, கடிகாரத்தில் ஒரு மணி காட்டும் முட்களின் அகலத்துக்குக் கோணம் வைத்து, நடக்கும் வேகத்திலும் பாதி வேகத்தில் வாருங்கள். ஒரு படகு நீளம் மிச்சமிருக்கும்போது வலிப்பதை நிறுத்தி, மேடைப் பக்கத்துத் துடுப்பை உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள். இழுக்காவிட்டால் அது மேடைக்கும் படகுக்கும் நடுவே அகப்பட்டு முறியும், அல்லது உங்கள் விலாவில் பாயும்.

இப்போது கையில் இருப்பது வெளிப்பக்கத் துடுப்பு ஒன்றுதான். அதை நீரில் இறக்கி, இழுக்காமல், எதிர்முகமாகத் தள்ளுங்கள். இந்த ஒரே தள்ளலில் இரண்டு காரியங்கள் ஒருங்கே நடைபெறுகின்றன: படகின் வேகம் ஒடுங்குகிறது, அதோடு மூக்கு மேடையைவிட்டு விலகி, பின்பகுதி மேடையை நோக்கித் திரும்பி வந்து, சாய்வாக நெருங்கிய படகு மேடைக்கு இணையாகப் படுத்துவிடுகிறது. சரியான க்ஷணத்தில் தள்ளினால் ஓசையே இராது. கரையில் நிற்பவர்கள் நீங்கள் வந்ததையே கவனிக்க மாட்டார்கள். சீக்கிரம் தள்ளினால் மேடைக்கு எட்டாமல் நிற்பீர்கள், அதில் அவமானம் ஒன்றுமில்லை, வெளியே போய் மறுபடி வாருங்கள். தாமதித்துத் தள்ளினால்தான் மடார். காற்று மேடையிலிருந்து உங்களை வெளியே தள்ளுமானால் கோணத்தையும் வேகத்தையும் சற்றுக் கூட்டி, மூக்குக் கயிற்றை முதலில் கரைக்குக் கொடுத்துவிட வேண்டும். காற்று மேடையை நோக்கி அடிக்குமானால், மூன்றடி வெளியிலேயே இணையாக நிறுத்திவிட்டுச் சும்மா இருங்கள். மீதியை அது செய்யும்.

எல்லாம் தவறி மோதப் போகிறது என்று தெரிந்தாலும் கையையோ காலையோ நீட்டித் தடுக்காதீர்கள். படகின் பாரம் முழுவதும் அந்த விரல்களின் மேல் வந்து விழும். மரம் கீறினால் வர்ணம் பூசிக்கொள்ளலாம். உடன் வருகிறவர்களுக்கு, குறிப்பாகக் குழந்தைகளுக்கும், உதவி செய்தே தீருவது என்று துடிக்கும் மாமாக்களுக்கும், இதைப் புறப்படும்போதே சொல்லிவைத்து, படகு கட்டப்படும்வரை ஒருவரும் எழக்கூடாது என்று கண்டிப்பாக இருங்கள்.

கட்டுவதற்கு முடிச்சுகள் எத்தனையோ இருக்கின்றன, ஒன்று போதும். கயிற்றைக் கம்பத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, அந்தச் சுற்றே பாரத்தைத் தாங்குவதால் அவசரமில்லாமல், நீண்டு நிற்கும் கயிற்றின்மேல் ஒரே திசையில் இரண்டு அரைமுடிச்சுப் போடுங்கள். அவிழ்ப்பதும் சுலபம்.

பத்துப் பன்னிரண்டு காலைப்பொழுதுகள் இவ்விதம் போனபின், சென்னைவாசிகள் அடையாற்றிலுள்ள, 1867-இல் தோன்றிய மெட்ராஸ் போட் கிளப்பைப் பற்றி விசாரிக்கலாம். அங்கே ஓடுவது ஊசிபோன்ற பந்தயப் படகு, மேற்சொன்ன வலிப்பு அங்கே சாஸ்திரமாகவே பயிலப்படுகிறது. பாய்மரத்தில் ஆசையிருந்தால் துறைமுகத்திலுள்ள ராயல் மெட்ராஸ் யாட் கிளப். 1911-இல் அதைத் தோற்றுவித்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங், துறைமுக டிரஸ்டின் தலைவராயிருந்தவர். அடுத்த ஆண்டு அவருடைய காரியாலயத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர்தாம் கணித மேதை ராமானுஜன். பாய்மரத்துக்குத் துடுப்பனுபவம் எதற்கு என்று கேட்பவர்கள், காற்று நின்றுபோன பிற்பகலில் கேட்க மாட்டார்கள். அங்கே ஆரம்பப் பாடங்களிலேயே படகை வேண்டுமென்றே கவிழ்த்து, நீரிலிருந்தபடியே நிமிர்த்தி ஏறச் சொல்வார்கள். மாற்று உடை இரண்டு ஜோடி எடுத்துப் போங்கள், மூக்குக் கண்ணாடிக்குக் கயிறு கட்டிக்கொள்ளுங்கள்.