மணற்பாறை எங்கும் ஒரே மணற்பாறையா?

நெய்வேலியில் 1962 முதல் பழுப்பு நிலக்கரி எரிகிறது. அந்தப் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்துப் பூமிக்குள் செலுத்திவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கூடவே சில தவறான நம்பிக்கைகளும் ஒட்டிக்கொண்டு வருகின்றன.

நம்பிக்கை: பூமிக்கடியில் பெரிய குகை இருக்கும், அதில் வாயுவை நிரப்பி மூடிவிடுவார்கள்.

குகை எதுவும் இல்லை. மணற்பாறையின் மணிகளுக்கு நடுவே உப்புநீர் தேங்கிய நுண்ணிய இடுக்குகள்தான் இடம். ஏறத்தாழ 800 மீட்டருக்குக் கீழே அழுத்தம் மிகுவதால் வாயு திரவம்போல அடர்ந்து, குறைந்த இடத்தில் அடங்குகிறது. அது மேலேறாமல் தடுக்க, மேலே களிப்பாறை மூடியாக இருந்தாக வேண்டும்.

நம்பிக்கை: கடலூர் மாவட்டமே மணற்பாறை மீதுதான் இருக்கிறது, எங்கே துளையிட்டாலும் சரி.

புவியியலாளர்கள் 'கடலூர் மணற்பாறை' என்றே பெயரிட்ட பாறை கேப்பர் மலையில் வெளியே தெரிகிறது. நெய்வேலியில் நிலக்கரிக்குக் கீழே, அழுத்தத்தோடு அடைபட்ட நிலத்தடி நீர் இருப்பதும் இந்தப் பாறையில்தான். அந்த நீர் சுரங்கத்தின் அடித்தரையைப் பெயர்த்துவிடாமலிருக்க இரவும் பகலும் இறைக்கிறார்கள். மக்கள் குடிக்கவும் வயலுக்குப் பாய்ச்சவும் நம்பியிருக்கும் இந்தப் பாறையைக் கரியமில வாயுவுக்காகத் தொடவே கூடாது.

ஆழத்தில் வேறு பாறைகள் உண்டு. சிதம்பரத்தை அடுத்த புவனகிரியின் பெயரால் வழங்கும் மணற்பாறை டைனோசர் காலத்தில் படிந்தது. அதுவும் ஒரே சீராக இராது. கொள்ளிடத்தைப் பார்த்தாலே காரணம் விளங்கும்: வெள்ளம் விரையும் இடத்தில் பருமணல் படிகிறது, நீர் ஓயும் இடத்தில் வண்டல். பழங்காலப் படிவுகளும் இப்படித்தான் இடத்துக்கு இடம் மாறின. போதாததற்கு, கோண்டுவானா நிலப்பரப்பு பிளந்தபோது உருவான காவிரிப் படுகையில் பாறைகள் பல இடங்களில் முறிந்து, மேலும் கீழுமாக நகர்ந்திருக்கின்றன.

நம்பிக்கை: ஒரு கிணற்றில் சோதித்தாலே தெரிந்துவிடும்.

ஒரு கிணறு தன்னைச் சுற்றியுள்ள பாறையை மட்டுமே காட்டும். நார்வேயின் ஸ்னோவிட் எரிவாயுக் களத்தில் 2008-இல் கரியமில வாயுவைச் செலுத்தத் தொடங்கினார்கள். எதிர்பார்த்ததைவிட வேகமாக அழுத்தம் ஏறியது; வாயு தாராளமாகப் பரவப் பாறை இடம் தரவில்லை. 2011-இல் வேறொரு பாறையடுக்குக்கு மாற வேண்டியதாயிற்று.

நம்பிக்கை: சீரற்ற பாறை என்றாலே ஆபத்து.

இதுவும் முழு உண்மையல்ல. அதே நார்வேயின் ஸ்லைப்னரில் 1996 முதல் ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் டன் வரை செலுத்தினார்கள். மணலுக்கு இடையே கிடந்த மெல்லிய களிப்பாறைகள் வாயுவின் ஏற்றத்தைத் தாமதப்படுத்தி, ஒன்பது அடுக்குகளாகப் பக்கவாட்டில் பரப்பின. அல்ஜீரியாவின் இன் சாலாவிலோ விரிசல் கொண்ட இறுகிய பாறை. தரை மில்லிமீட்டர் கணக்கில் உயர்ந்தது, 2011-இல் பணி நிறுத்தப்பட்டது.

ஆகவே காவிரிப் படுகையில் முதல் வேலை, எண்ணெய் தேடித் துளையிட்ட கிணறுகளின் பாறை மாதிரிகளையும் அளவீடுகளையும் ஒன்றோடொன்று ஒப்பிடுவது. அந்தக் கிணறுகளே வாயு மேலேறும் வழியாகிவிடக்கூடும் என்பதால், கைவிடப்பட்ட ஒவ்வொன்றின் சிமென்ட் அடைப்பையும் சோதித்தாக வேண்டும்.