உன் பாட்டை எழுதிக் கொடுத்துவிடாதே

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் மாவு மில்லைப் பற்றி நீ எழுதிய பாட்டை இசைக் கம்பெனிக்காரர்கள் ஒதுக்கிவிட்டு, காதல் பாட்டாக நாலு கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். "நம்ம வீட்டுக் கதையை வெளியூர்க்காரங்க யாரு பெரியம்மா கேட்கப்போறாங்க?" என்றும் கேட்டிருந்தாய். கேட்பார்கள். லொரெட்டா லின்னுடைய வாழ்க்கை தெரிந்தால் உனக்கு அந்தச் சந்தேகம் வராது. கன்ட்ரி பாட்டு பாடுகிறவள் நீ. அவர் குரலைக் கேட்டிருப்பாய். அவர் எங்கிருந்து வந்தார் என்பதையும் தெரிந்துகொள்.

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், புட்சர் ஹாலோ என்ற மலையிடுக்கில் 1932ல் பிறந்தவர். எட்டுப் பிள்ளைகளில் இரண்டாவது. அப்பா நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. பதினைந்து வயதில் கல்யாணம் ஆனது. கொஞ்ச நாளிலேயே கணவர் அவரை நாட்டின் மறுகோடிக்கு, வாஷிங்டன் மாநிலத்துக் கஸ்டர் என்ற சிற்றூருக்கு, அழைத்துப் போனார். அங்கே அடுத்தடுத்துப் பிள்ளைகள், ஓயாத வேலை. வீட்டில் அவர் பாடுவதைக் கேட்ட கணவர் 17 டாலருக்கு ஒரு கிடார் வாங்கிக் கொடுத்தார். சொல்லிக்கொடுக்க ஆளில்லை, தானாகவே பழகினார். மேடையேறியபோது அவர் நான்கு பிள்ளைகளின் தாய்.

1960ல் முதல் இசைத்தட்டு வந்தது. சின்னக் கம்பெனி, விளம்பரத்துக்குக் காசில்லை. புருஷனும் பெண்டாட்டியும் தட்டுகளைக் காரில் போட்டுக்கொண்டு வானொலி நிலையம் நிலையமாகப் போய், "இதைக் கொஞ்சம் ஒலிபரப்புங்கள்" என்று கேட்டார்கள். அந்தப் பாட்டு பில்போர்ட் கன்ட்ரி பட்டியலில் 14ஆம் இடம்வரை ஏறியது.

அவர் எதை எழுதினார் என்று பார். குடித்துவிட்டு வீட்டுக்கு வரும் கணவனைப் பார்த்து, அந்த நிலையில் என்னிடம் வராதே என்று சொல்லும் மனைவியின் பாட்டு 1967ல் முதலிடம் பிடித்தது. அதைத் தன் தங்கையோடு சேர்ந்து எழுதினார். குடிப்பதும் வேறு பெண்களைத் தேடிப்போவதும் அவர் கணவரிடமே இருந்த வழக்கங்கள்தான். 1970ல் வந்த 'கோல் மைனர்ஸ் டாட்டர்' அவர் பிறந்த வீட்டின் கதை. அவர் எழுதிக்கொண்டுவந்தது மிக நீளம். தயாரிப்பாளர் ஓவன் பிராட்லி சில சரணங்களை எடுக்கச் சொன்னார், எடுத்தார். நீளத்தைக் குறைக்கச் சொன்னால் நீயும் குறை, தப்பில்லை. அப்பாவையும் சுரங்கத்தையும் எடுத்துவிடு என்று யாராவது சொல்லியிருந்தால் அது பாட்டாகவே இருந்திருக்காது. உன்னிடம் மில்லை எடுக்கச் சொல்கிறார்கள். வித்தியாசம் புரிகிறதல்லவா?

'தி பில்' என்ற பாட்டு வேறு ஆட்கள் எழுதியது. பாடிய துணிச்சல் அவருடையது. கருத்தடை மாத்திரை வந்த பிறகு ஒரு மனைவிக்குக் கிடைத்த விடுதலையைச் சொல்லும் பாட்டு. 1975ல் வெளியானபோது எத்தனையோ வானொலி நிலையங்கள் அதைப் போட மறுத்தன. ஆனாலும் முதல் ஐந்து இடங்களுக்குள் வந்தது. ஆறு பிள்ளை பெற்ற ஒருத்தி பாடியதால்தான் அதற்கு அந்த வலு என்று நான் நினைக்கிறேன்.

கன்ட்ரி இசையின் மையமான நாஷ்வில்லில் அவரைத் தூக்கிவிட்டது பாடகி பாட்சி க்லைன். 1961ல் பாட்சி கார் விபத்தில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, லொரெட்டா வானொலியில் அவருடைய பாட்டைப் பாடி அவருக்கே காணிக்கையாக்கினார். அதைக் கேட்ட பாட்சி ஆளனுப்பிக் கூப்பிட்டார். துணிமணி கொடுத்தார், மேடைப் பழக்கம் சொல்லிக்கொடுத்தார். 1963 மார்ச்சில் பாட்சி விமான விபத்தில் இறந்தார். அடுத்த வருஷம் தனக்குப் பிறந்த இரட்டைப் பெண்களில் ஒருத்திக்கு லொரெட்டா பாட்சியின் பெயரை வைத்தார். உனக்கு முன்னே பாட வந்த அக்காமார்களிடம் போய்ப் பேசு. கூச்சப்படாதே.

இப்போது நீ இணைத்து அனுப்பிய ஒப்பந்தத்துக்கு வருகிறேன். பத்திரப்பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்தவள் நான். படிக்காமல் கையெழுத்துப் போட்டவர்களின் முகங்கள் இன்னும் கண்ணில் நிற்கின்றன. லொரெட்டாவும் அப்படித்தான் மாட்டிக்கொண்டார். பாடகர்களான வில்பர்ன் சகோதரர்கள் அவருக்கு டெக்கா இசைத்தட்டுக் கம்பெனியில் வழி செய்தார்கள், தங்கள் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பாடவைத்தார்கள். அந்த உதவியை மறுக்க முடியாது. ஆனால் அவருடைய பாடல்களின் பதிப்புரிமை அவர்களுடைய ஷ்யூர்-ஃபயர் நிறுவனத்துக்குப் போனது. உறவு முறிந்த பிறகு பல்லாண்டு வழக்காடியும் அது திரும்பவில்லை. புதிதாக எழுதினாலும் அவர்களுக்கே போகும் என்று எழுபதுகளில் எழுதுவதையே நிறுத்திவிட்டார். 1972ல் கன்ட்ரி மியூசிக் அசோசியேஷனின் ஆண்டின் சிறந்த கலைஞர் விருதைப் பெற்ற முதல் பெண் அவர். புகழின் உச்சியில் இருந்தவர் தன் பேனாவைத் தானே மூடிவைத்ததை நினைத்தால் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. 2004ல், எழுபது வயதைத் தாண்டிய பிறகு, 'வான் லியர் ரோஸ்' தொகுப்புக்கு மறுபடி நிறைய எழுதினார். அதற்கு இரண்டு கிராமி விருதுகள் கிடைத்தன. இடையில் எழுதப்படாமல் போன பாடல்களை யார் திருப்பித் தருவார்?

ஆனால் அவரைவிட இளைய பாடகியான டாலி பார்ட்டன், தான் எழுதிய பாட்டை எல்விஸ் பிரெஸ்லி பாட விரும்பியபோதும், எல்விஸின் ஆட்கள் பதிப்புரிமையில் பாதியைக் கேட்டார்கள் என்பதால் அழுதுகொண்டே மறுத்தார். 1992ல் விட்னி ஹூஸ்டன் பாடி உலகமே கேட்ட பாட்டு அதுதான். உரிமை டாலியின் கையிலேயே இருந்தது.

நம் நாட்டில் 2012ல் திருத்திய பதிப்புரிமைச் சட்டம் உனக்குத் துணை. பாட்டெழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் சேரவேண்டிய ராயல்டியை வாரிசுகளுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க முடியாது. அப்படி எழுதி வாங்கினாலும் செல்லாது. எத்தனை வருஷத்துக்கு என்று ஒப்பந்தத்தில் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருஷம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். உனக்கு வந்த தாளில் "நிரந்தரமாக" என்றும் "இனி எழுதப்போகும் பாடல்கள் அனைத்தும்" என்றும் இருக்கிறது. இரண்டையும் பென்சிலால் வட்டமிட்டிருக்கிறேன்.

இன்னொன்று. லொரெட்டாவின் பாட்டு வேண்டும் உனக்கு, அவர் பொறுத்துப்போன பொறுமை வேண்டாம். கணவர் 1996ல் இறக்கும்வரை அந்த மனிதரோடு வாழ்ந்தார். ஓய்வில்லாத பயணத்தில் மேடையிலேயே மயங்கி விழுந்திருக்கிறார். உடம்பு முடியாத அன்று கச்சேரியை ரத்து செய். யார் கோபித்துக்கொண்டாலும் சரி.

என் பழைய சிநேகிதி ஒருத்தி வக்கீல். சனிக்கிழமை உன்னை வரச் சொல்லியிருக்கிறாள். அந்தத் தாளையும், இதுவரை எழுதிய பாட்டெல்லாம் தேதியோடு இருக்கும் நோட்டையும் எடுத்துப் போ. அதுவரை கம்பெனிக்காரர்களிடம், "பெரியம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்று மட்டும் சொல்.

அன்புடன்,
பெரியம்மா