மிஷினுக்கு முன்னால் காதுக்கு வாங்கு: தம்பிக்கு அக்காவின் டிப்ஸ்

தம்பி, நம் பிரம்மதேசம் பக்கம் மரம் அறுக்கும் மிஷின் இப்போது கூலிக்கு வருகிறவர்கள் கையில் மட்டும் இல்லை. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையேறி, மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்கு மழையைக் கொட்டிவிட்டுப் போனது. அப்படிப்பட்ட நாளில் வாசலை அடைத்துக்கொண்டு கிடக்கும் வேப்பங்கிளையை அறுக்க ஆள் கிடைப்பதில்லை. சவுக்கு வைத்திருப்பவர்களுக்கும், வேலியோரம் சீமைக்கருவேலம் மண்டியவர்களுக்கும் வருஷம் முழுக்க வேலை இருக்கிறது. அதனால் மிஷின் வாங்க வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அதற்குப் பணம் எடுத்து வைக்கும்போதே உடம்புக்குப் போடும் சாமானுக்கும் சேர்த்து எடுத்து வை என்றுதான் சொல்கிறேன். அதிலும் காதுக்கு முதலில் வாங்கு.

ஏன் காது முதலில்?

காலில் பட்டால் ரத்தம் வரும், அக்கம்பக்கம் ஓடி வரும். காது கெடும்போது வலியும் இருக்காது, ரத்தமும் வராது. உள்காதில் சத்தத்தை வாங்கும் நுண்ணிய செல்கள் ஒரு தடவை அழிந்தால் மனிதருக்குத் திரும்ப முளைப்பதில்லை. மருந்தும் ஆபரேஷனும் அவற்றைப் பழையபடி ஆக்காது.

பெட்ரோல் மிஷின் ஓட்டுபவரின் காதில் விழும் சத்தம் பொதுவாக 100 முதல் 115 டெசிபல். அமெரிக்காவின் தொழில்நலன் ஆய்வு நிறுவனமான நியோஷ் சொல்லும் கணக்கு இது: 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரை இருக்கலாம், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். அப்படிப் பார்த்தால் 100 டெசிபலுக்கு 15 நிமிஷம், 109-க்கு இரண்டு நிமிஷம்கூட இல்லை. ஒரு கிளையை அறுத்து முடிப்பதற்குள் அன்றைய அளவு தீர்ந்துவிடும். பேட்டரி மிஷின் சத்தம் குறைவுதான். ஆனாலும் பல மாடல்கள் 85-ஐத் தாண்டும். பெட்டியிலோ கையேட்டிலோ டெசிபல் போட்டிருக்கும், பார்த்து வாங்கு.

பஞ்சு வேண்டாம், பாட்டும் வேண்டாம்

காதில் பஞ்சு அடைத்துக்கொள்வதும், துண்டை இறுக்கிக் கட்டுவதும் இந்தச் சத்தத்துக்குப் போதாது. மொபைல் இயர்போனில் பாட்டு போட்டால் மிஷின் சத்தத்தை மீற வால்யூமைக் கூட்டுவாய். காதுக்கு இரண்டு அடி. சரியான சாமான் இரண்டே வகை.

1. ஃபோம் இயர் பிளக்: விலை குறைவு, வெயிலுக்கு நல்லது. போடும் விதத்தில்தான் பலன். கையைக் கழுவு. விரலில் உருட்டி மெல்லிசாக்கு. இன்னொரு கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய்க் காதை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்து உள்ளே விடு. ஃபோம் விரியும்வரை அரை நிமிஷம் விரலால் தாங்கிப் பிடி. உன் குரலே அடைத்த மாதிரி கேட்டால் சரியாக உட்கார்ந்திருக்கிறது. பாதி வெளியே துருத்திக்கொண்டிருந்தால் திரும்பப் போடு.

2. இயர் மஃப்: காதை முழுக்க மூடும் கிண்ணம். நம் வேலைக்கு இதுதான் முதல் தேர்வு. நான்கு கிளை அறுப்போம், இழுத்துப் போடுவோம், மறுபடி அறுப்போம். ஒவ்வொரு தடவையும் செயின் ஆயில் பட்ட விரலால் பிளக்கைக் காதுக்குள் விட்டால் அழுக்கு சேர்ந்து சீழ் பிடிக்கும். மஃப்பைக் கழற்றி மாட்டுவது சுலபம்.

மஃப் மாட்டும்போது இடையில் எதுவும் இருக்கக் கூடாது. தலைப்பாகையின் மேல் மாட்டினால் சந்து வழியாகச் சத்தம் நுழையும். தங்கச்சி மிஷின் பிடிப்பதாக இருந்தால் பின்னலும் தோடும் கிண்ணத்துக்குள் சிக்காமல் பார்த்துக்கொள்ளட்டும். பரிசோதனை சுலபம்: வேறொருவர் மிஷினை ஓட்டும்போது நீ மஃப் மாட்டித் தள்ளி நின்று, கிண்ணங்களைக் கையால் லேசாக அழுத்து. சத்தம் சட்டென்று குறைந்தால் அது சரியாக மூடவில்லை. உள்மெத்தை வெடித்தாலோ கெட்டியானாலோ மாற்று.

அட்டையில் உள்ள எண்ணை நம்பும் முறை

என்.ஆர்.ஆர். அல்லது எஸ்.என்.ஆர். என்று ஓர் எண் போட்டிருக்கும். அது ஆய்வுக்கூடத்தில் கிடைத்த அளவு. நம் வேர்வையிலும் அவசரத்திலும் அவ்வளவு கிடைக்காது, பாதியைக் கணக்கில் வை. 30 என்று போட்டிருந்தால் 15 என்று கொள். 110 டெசிபல் மிஷின் 95 ஆகும். அதுவும் முக்கால் மணி நேரத்துக்குத்தான் தாங்கும். அதற்கு மேல் வேலை இருந்தால் பிளக் போட்டு அதன் மேல் மஃப்பும் போடு. இரண்டும் சேர்ந்தால் இரு எண்களையும் கூட்டிக் கணக்குப் போட முடியாது. இன்னும் 5 டெசிபல் அளவுதான் குறையும். ஆனால் அந்த 5, உனக்குக் கிடைக்கும் நேரத்தை இரண்டு மணிக்கு மேல் நீட்டும். எண்ணே போடாத அட்டையை வாங்காதே. இந்தியத் தரம் ஐ.எஸ். 9167, ஐரோப்பியத் தரம் இ.என். 352, இவற்றில் ஒன்று இருக்கிறதா பார்.

கிளையைப் பிடிக்கும் ஆளுக்கும் ஒரு ஜோடி வாங்கு. அவர் காதும் அதே சத்தத்தில்தான் நிற்கிறது. இருவரும் காதை மூடிவிட்டால் கூப்பிட்டால் கேட்காது. அதனால் ‘நிறுத்து’, ‘தள்ளிப் போ’ என்பதற்குக் கைச் சைகையை முன்பே பேசி வையுங்கள். மிஷின் ஓடும்போது பின்னால் வந்து தோளைத் தொடவே கூடாது. பிள்ளைகளை வீட்டுக்குள் அனுப்பு.

வேலை முடிந்தபின் காதில் ‘கொய்ங்’ என்று சத்தம் வந்தாலோ, பேச்சு மந்தமாகக் கேட்டாலோ அன்றைய சத்தம் அளவை மீறிவிட்டது என்று அர்த்தம். மறுநாளும் போகவில்லையென்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்க் கேட்கும் திறன் சோதனை செய்துகொள்.

கால்: கைலியோடு நிற்காதே

செயின் வினாடிக்கு 20 மீட்டர் அளவில் ஓடும். மணிக்கு 72 கி.மீ. என்று வைத்துக்கொள். கைலியும் ஜீன்ஸும் அதன் முன் ஒன்றுமே இல்லை. செயின்சாவுக்கென்றே முன்பக்கம் கட்டும் கால் கவசம் இருக்கிறது, ‘சாப்ஸ்’ என்று கேள். உள்ளே நீளமான நூலடுக்குகள் இருக்கும். செயின் பட்டதும் அந்த நூல் வெளியே வந்து பல்சக்கரத்தைச் சுற்றிச் செயினை நிறுத்தும். வெறும் தோல் ஏப்ரன் இந்த வேலையைச் செய்யாது. லேபிளில் இ.என். 381-5 அல்லது ஐ.எஸ்.ஓ. 11393 என்று இருக்க வேண்டும். வகுப்பு 1 என்பது வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் சோதித்தது. விசை அதிகமான எலெக்ட்ரிக் மிஷினைச் சாப்ஸால் அவ்வளவு சுலபமாக நிறுத்த முடியாது, அதை நினைவில் வை. ஒரு தடவை வெட்டுப்பட்ட சாப்ஸைத் தைத்துப் போடாதே, மாற்று.

பாதத்துக்கு ரப்பர் செருப்பு வேண்டாம். ஐ.எஸ். 15298 முத்திரையுள்ள இரும்பு முனை ஷூ போடு.

தலை, கண், கை

பைக் ஹெல்மெட் காதை மூடிவிடும், மஃப் உட்காராது. ஐ.எஸ். 2925 முத்திரையுள்ள சேஃப்டி ஹெல்மெட் வாங்கு. மஃப்பும் வலை முகமூடியும் சேர்ந்த செட்டாகக் கிடைத்தால் மூன்றும் ஒன்றாகத் தலையில் ஏறும், ஒன்றையும் மறக்க மாட்டாய். வலை பெரிய சிராயைத்தான் தடுக்கும், தூளைத் தடுக்காது. அடியில் சேஃப்டி கண்ணாடியும் போடு. கைக்குப் பிடிமானமுள்ள, விரலோடு ஒட்டிய க்ளவுஸ். தொளதொள சட்டை, தொங்கும் துண்டு, துப்பட்டா எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது.

சாமான் காப்பாற்றாத இடங்கள்

செயின் சுற்றி ஓடும் நீளத் தகட்டின், அதாவது ‘பாரின்’, நுனியில் மேல் பாதி மரத்தில் பட்டால் மிஷின் கண்ணிமைக்கும் நேரத்தில் முகத்தை நோக்கி எகிறும். அதனால் நுனியால் அறுக்காதே, தோளுக்கு மேலே தூக்காதே, ஏணியில் நின்று ஓட்டாதே. செயின் பிரேக் இல்லாத மிஷினை வாங்காதே. ஈபி கம்பியில் சாய்ந்த மரத்தை நீ தொடாதே. மின்னகம் எண் 94987 94987-க்குச் சொல். புயலில் ஒன்றன் மேல் ஒன்று விழுந்து வில்லாக வளைந்து நிற்கும் மரத்தைப் பழகின ஆளிடம் விடு. பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும், அதில் கை வைக்காதே. தனியாக ஒருநாளும் வேலை செய்யாதே. அழுத்திக் கட்டும் பெரிய பாண்டேஜும் 108-க்கு அடிக்கப் போனும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

வாங்கும் வரிசை

கையில் பணம் குறைவாக இருந்தால் முதலில் மஃப், கண்ணாடி, ஷூ. இவற்றைத் திண்டிவனம், விழுப்புரம் ஹார்டுவேர் கடைகளில் கேட்டுப் பார். இல்லையென்றால் புதுச்சேரியில் தொழிற்சாலைகளுக்கு சேஃப்டி சாமான் விற்கும் கடையில் கேள். ஹெல்மெட் செட் அடுத்து. சாப்ஸ் கொஞ்சம் விலை கூடுதல், ஆன்லைனில் தேட வேண்டியிருக்கும். அது வந்து சேரும்வரை கைவாளும் வெட்டுக்கத்தியும் போதும் தம்பி. சாமான் எல்லாம் வந்தபிறகு மிஷினின் கயிற்றை இழு.