பின்னறையில் ஓடும் லூப்

சித்தப்பா வீட்டில் தறி இருப்பது பின்னறையில். இரண்டு குழித்தறி போட்ட பிறகு அங்கே மூன்றாவது ஆள் நிற்க இடமில்லை. முகூர்த்த மாதங்களில் எங்கள் ஊர் பெரணமல்லூருக்கே நேரில் வந்து பட்டு எடுக்கிறவர்கள், நெய்வதைப் பார்க்க வேண்டும் என்பார்கள். பத்துப் பேர் நிலைப்படியில் முண்டியடிப்பார்கள். யாராவது ஒருவருடைய கைப்பை பாவில் இடிக்கும், நாலு இழை அறும், சித்தப்பா முகம் சுருங்கும். "முன்னாடி ரூம்பு டிவியில தறி தெரியற மாதிரி ஏதாவது பண்ணுடா" என்று ஒருநாள் சொல்லிவிட்டார்.

தறிக்கு மேலே ஒரு யூஎஸ்பி கேமரா, சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்ட ராஸ்பெரி பை 4, அதற்குள் பைத்தானில் எழுதிய ஜிஸ்ட்ரீமர் ஆர்டிஎஸ்பி சர்வர். டிவியும் வீட்டுக் கைபேசிகளும் விஎல்சி வழியாகப் பார்க்கும். ஆர்டிஎஸ்பி 1998-இல் வகுத்த நெறிமுறை. இன்றும் கடைகளில் மாட்டும் கண்காணிப்பு கேமராக்கள் பல அதில்தான் பேசுகின்றன. முறைப்படி அதன் போர்ட் 554. லினக்ஸில் 1024-க்குக் கீழே உள்ள போர்ட்டுக்கு ரூட் அனுமதி வேண்டும் என்பதாலோ என்னவோ, ஜிஸ்ட்ரீமர் சர்வர் தானாக எடுத்துக்கொள்வது 8554. இந்த எண்ணை நினைவில் வையுங்கள், பிறகு வருகிறேன்.

மாதிரி நிரல் இருபது வரிதான். படம் டிவியில் வந்தது. அடுத்து, தொடங்க, நிறுத்த இரண்டு பொத்தான்களோடு டிகின்டரில் ஒரு சின்ன ஜன்னல் செய்தேன். சித்தப்பா 'தொடங்கு' பொத்தானை அமுக்கினார். டிவியில் தறி தெரிந்தது. ஜன்னல் அப்படியே உறைந்தது. "இன்னாடா, பொட்டி செத்துப் போச்சா?"

சாகவில்லை. மாதிரி நிரலின் கடைசி வரி 'லூப் ரன்'. அந்த வரிக்குள் போன நிரல், நிறுத்தச் சொல்லும் வரை திரும்பி வராது. யார் இணைகிறார்கள், எந்த டைமர் அடித்தது என்று காத்திருப்பதுதான் ஈவென்ட் லூப்பின் பிழைப்பே. டிகின்டருக்கும் இதேபோல் சொந்த லூப் ஒன்று உண்டு. பொத்தானை அமுக்கியதும் ஒரே த்ரெட் அந்த லூப்பை விட்டு இந்த லூப்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஆகவே சர்வரின் லூப்பை வேறொரு த்ரெட்டில் ஓடவிட வேண்டும். பைத்தானில் அது இரண்டு வரி வேலை. (த்ரெட்டுக்குக் கணித்தமிழ் அகராதிகள் 'இழை' என்கின்றன. எங்கள் ஊரில் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு விளக்க ஆரம்பித்தால் குழப்பம்தான் மிஞ்சும். அதனால் த்ரெட் என்றே எழுதுகிறேன்.)

இரண்டு வரி எழுதியதோடு வேலை முடிந்தது என்று நினைத்தேன். உண்மையில் அங்கேதான் ஆரம்பித்தது.

முதலில் பட்டது போர்ட் விவகாரம். ஒருநாள் மாலை எதை அமுக்கினாலும் படமில்லை. பிழைச் செய்தியும் இல்லை. கேமராவைக் கழற்றி மாட்டினேன், கேபிளை மாற்றினேன், வைஃபை பெட்டியை அணைத்துப் போட்டேன். காரணம் அபத்தமானது. சர்வரை லூப்போடு இணைக்கும் 'அட்டாச்' அழைப்பு, வெற்றி என்றால் ஓர் எண்ணையும் தோல்வி என்றால் 0-வையும் திருப்பித் தரும். சத்தம் போடாது. நான் அதைப் பார்க்கவே இல்லை. என் நிரலின் பழைய நகல் ஒன்று ஜன்னல் இல்லாமலே பின்னால் உயிரோடு இருந்து, 8554-ஐயும் கேமராவையும் பிடித்துக்கொண்டிருந்தது.

அந்த நகல் ஏன் சாகவில்லை என்பதைக் கண்டுபிடிக்க இன்னொரு இரவு ஆனது. சித்தியின் பேரன் ஜன்னலைத் திறந்த வேகத்தில் மூடியிருக்கிறான். மூடும்போது நான் 'லூப் க்விட்' சொல்லி, பிறகு த்ரெட் முடியும் வரை 'ஜாயின்' போட்டுக் காத்திருக்கும்படி எழுதியிருந்தேன். பின்னணி த்ரெட் 'ரன்'னுக்குள் நுழைவதற்கு முன்பே 'க்விட்' வந்துவிட்டால், அந்த 'க்விட்' வீண். 'ரன்' தொடங்கும்போது பழைய உத்தரவை மறந்துவிட்டு ஓட ஆரம்பிக்கும். ஜாயின் காலத்துக்கும் காத்திருக்கும். 'க்விட்'டை நேரடியாக அழைக்காமல், லூப்புக்குச் செய்ய வேண்டிய ஒரு வேலையாக வரிசையில் போட்டால் சிக்கல் தீர்ந்தது: லூப் எப்போது எழுந்தாலும் வரிசையைப் பார்க்கும், முடித்துக்கொள்ளும். அன்றிலிருந்து 'அட்டாச்' 0 தந்தால் ஜன்னலில் சிவப்பு எழுத்து வரும்படியும் செய்துவிட்டேன்.

இந்த 'வரிசையில் போடு' என்கிற விஷயம்தான் எனக்குக் கிடைத்த பெரிய பாடம். புது டிசைன் ஓடும்போது யாரும் பார்த்துக் காப்பியடித்துவிடக் கூடாது என்று சித்தப்பா கேமராமேல் துண்டைப் போட்டு மூடுவார். அதற்கு ஒரு பொத்தான் வைக்கலாமே என்று, அமுக்கினால் இணைந்திருக்கும் எல்லாரையும் துண்டிக்கும் நிரலை ஜன்னலின் த்ரெட்டிலிருந்தே எழுதினேன். ஒன்பது முறை சரியாக வேலை செய்யும். பத்தாவது முறை மொத்த நிரலும் ஒரு வார்த்தை சொல்லாமல் விழும். இதை அவரிடம் சொன்னபோது, இளவயதில் காஞ்சிபுரத்தில் கோர்வை நெய்ததைச் சொன்னார். உடலையும் கரைகளையும் தனித்தனி நாடாவில் நெய்து கோக்கும் கோர்வையில் மூன்று நாடா. உடலுக்கும் ஒரு கரைக்கும் நெய்கிறவர் நாடா விடுவார், மறு கரைக்கு உதவியாள் விடுவான். "கை ரெண்டு பேருது. மிதிக்கிறவன் ஒருத்தன்தான். பையனும் மிதிச்சா பாவு போச்சு." என் நிரலில் பையனும் மிதித்துக்கொண்டிருந்தான்.

ஜிஸ்ட்ரீமரின் லூப்பைத் தரும் ஜிலிப் நூலகத்தில் இதற்கு 'ஐடில் ஆட்' இருக்கிறது. வேறு த்ரெட்டிலிருந்து ஒரு வேலையைக் கொடுத்தால், லூப் தன் த்ரெட்டில், தனக்குச் சௌகரியமான நேரத்தில் அதைச் செய்யும். வேலை முடிந்ததும் 'ஃபால்ஸ்' திருப்ப வேண்டும். நான் ஒருமுறை பழக்கதோஷத்தில் 'ட்ரூ' என்று எழுதிவிட்டேன். அதற்கு 'திரும்பச் செய்' என்று பொருள். ஒரு கோர் 100 சதவீதத்தில் ஓடி, ராஸ்பெரி பை தொட முடியாத அளவுக்குச் சுட்டது.

எதிர்ப்பக்கமும் இதே கதை. யாராவது புதிதாக இணைந்தால் சர்வர் கூப்பிடும் ஃபங்ஷன் பின்னணி த்ரெட்டில் ஓடுகிறது. அங்கிருந்து ஜன்னலில் 'இப்போது பார்ப்பவர்கள்: 3' என்று மாற்றப் போய் டிகின்டரிடம் திட்டு வாங்கினேன். இப்போது ஒரு க்யூவில் எண்ணைப் போட்டுவிடுகிறேன். ஜன்னல் 200 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை எடுத்துப் பார்க்கிறது. அதே ஃபங்ஷனுக்குள் என் கைபேசிக்குச் செய்தி அனுப்பும் வரியும் இருந்தது. சாயங்காலம் நெட் மந்தமாகும்போது அந்த ஒரு வரி பத்து விநாடி நிற்கும், அந்தப் பத்து விநாடியும் சர்வர் புதிதாக யாரையும் உள்ளே விடாது. லூப்புக்குள் எதற்கும் காத்திருக்காதீர்கள். 'ஸ்லீப்' கூடவே கூடாது.

டிகின்டரை விட்டு ஜிடிகேவுக்கு மாறியதற்குக் காரணம் தமிழ். லினக்ஸில் டிகே 8.6 எழுத்துகளைச் சேர்த்து வடிவமைப்பதில்லை. 'தொடங்கு' என்பதில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் சிதறிக் கிடந்தது. ஜிடிகேயில் எழுத்து அழகாக வந்தது, நிரல் கோளாறானது. ஏனென்றால் ஜிடிகேயும் ஜிலிப்பின் இயல்பு கான்டெக்ஸ்டையே, அதாவது சர்வரின் லூப் பார்க்கும் அதே வரிசையையே, பயன்படுத்துகிறது. ஒரு கான்டெக்ஸ்டை ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்தான் வைத்திருக்க முடியும். இரண்டு த்ரெட் போட்டி போட்டால், ஒன்றின் வேலைகள் இன்னொன்றின் த்ரெட்டில் ஓடக்கூடும். சர்வருக்குத் தனியாக ஒரு கான்டெக்ஸ்ட் உருவாக்கி, லூப்பையும் அட்டாச்சையும் அதில் கட்ட வேண்டும். செய்தேன். இப்போது 'ஐடில் ஆட்' கொடுத்த வேலைகள் ஜன்னலின் த்ரெட்டிலேயே ஓட ஆரம்பித்தன! அது எப்போதும் இயல்பு கான்டெக்ஸ்டுக்கே வேலையை அனுப்பும். தனிக் கான்டெக்ஸ்டுக்கு ஓர் ஐடில் சோர்ஸை உருவாக்கி, கையால் அதில் இணைக்க வேண்டும். டைமருக்கும் அப்படியே.

டைமர் எதற்கு என்றால், வைஃபை எல்லை தாண்டிப் போகிற கைபேசி விடைபெற்றுக்கொண்டு போவதில்லை. அதன் செஷனுக்கு 60 விநாடி கெடு உண்டு, ஆனால் கெடு முடிந்ததைத் துப்புரவு செய்யச் சர்வருக்கு நாம்தான் அவ்வப்போது சொல்ல வேண்டும். இரண்டு விநாடிக்கு ஒருமுறை சொல்கிறேன். இன்னொன்று: இணைகிறவர்களுக்கு பைப்லைனைக் கட்டித் தரும் ஃபாக்டரியை 'ஷேர்ட்' என்று குறிக்காவிட்டால் ஒவ்வொருவருக்கும் தனி பைப்லைன் உருவாகும், கேமரா ஒன்றே என்பதால் இரண்டாவது ஆளுக்கு 503 பிழைதான் கிடைக்கும்.

பின்னணி த்ரெட்டில் விழும் பிழைகள் டெர்மினலில் மட்டும்தான் அச்சாகும். ஐகானைச் சொடுக்கித் திறக்கும் சித்தப்பாவுக்கு டெர்மினல் ஏது? பைத்தான் 3.8-இலிருந்து த்ரெட்டிங் எக்ஸெப்ட்ஹுக் இருக்கிறது. அதில் பிடித்து ஒரு கோப்பில் எழுதுகிறேன்.

பொத்தான் இப்போது தவறாமல் வேலை செய்கிறது. சித்தப்பா துண்டைத்தான் போடுகிறார். போன வாரம் டிவி முன்னால் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நாடா சத்தம் கேக்கலியே" என்றார். ஒலிக்கு பைப்லைனில் 'பே 1' என்ற பெயரில் இன்னொரு கிளை சேர்த்தால் போதும். மைக்கை எங்கே கட்டுவது என்பதில்தான் இருவருக்கும் இன்னும் ஒத்துவரவில்லை.