திரை தானாக மாற வேண்டுமா?

கேள்வி: விக்டோரியா நீர்த்தேக்கத்தின் நீர்மட்டத்தைக் காட்டும் பக்கமொன்றை ரியாக்டில் செய்கிறேன். புதிய அளவைப் பதிந்ததும், பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் எல்லோருக்கும் அது உடனே தெரியவேண்டும். ஃபயர்பேஸ் உதவுமா?
- வாசகர், தெல்தெனிய

பதில்: தாராளமாக. பழைய தெல்தெனிய நகரம் 1980களில் இந்த நீருக்குள்தான் போனது. நீர் வற்றினால் அதன் இடிபாடுகள் வெளியே தெரியும். ஊருக்குப் பயன்படும் யோசனை இது.

2012இல் அறிமுகமாகி, 2014இல் கூகுள் வசமானது ஃபயர்பேஸ். அதன் ரியல்டைம் டேட்டாபேஸ், உலாவியுடனான இணைப்பைத் திறந்தே வைத்திருக்கும். 'ஆன்வேல்யூ' என்ற செயற்கூறு முதலில் இருக்கும் அளவைத் தரும். பிறகு அளவு மாறும்போதெல்லாம், நீங்கள் அதற்குக் கொடுத்த செயற்கூறு தானே அழைக்கப்படும். வந்த அளவை 'யூஸ்ஸ்டேட்'டில் இட்டால் போதும், திரை மாறிவிடும்.

பலர் தடுமாறுவது இங்கேதான்: ஆன்வேல்யூவை 'யூஸ்எஃபெக்ட்'டுக்குள் எழுதி, அது திருப்பித்தரும் நிறுத்தும் செயற்கூற்றை ரிட்டர்ன் செய்யவேண்டும். மறந்தால், பயனர் பக்கம் மாறி வரும்போதெல்லாம் பழைய கவனிப்புகள் நிற்காமல் குவியும்.

தரவுத்தளத்தை உருவாக்கும்போதே அதன் இடமாகச் சிங்கப்பூரைத் தேர்ந்தெடுங்கள். இருக்கும் தெரிவுகளில் இலங்கைக்கு அதுவே கிட்ட. பின்னர் மாற்ற முடியாது.

பாதுகாப்பு விதிகளில் அசட்டை வேண்டவே வேண்டாம். டெஸ்ட் மோட் 30 நாட்களுக்கு யாரும் எழுதும்படி கதவைத் திறந்துவிடும். வாசிக்க எல்லோருக்கும், எழுத உள்நுழைந்த உங்கள் கணக்குக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். பிழையான நீர்மட்டம் மக்களைப் பதறவைக்கும்.

இலவசத் திட்டத்தில் ஒரே நேரத்தில் 100 இணைப்புகள்தான். தொடங்க அது போதும். பார்ப்போர் கூடக்கூடிய மழைக்காலம் வருமுன் கட்டணத் திட்டத்துக்கு மாறிவிடுங்கள்.